பூலேஸும் முடிக்காத தாள்களும்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து, பிரெஞ்சு இசையமைப்பாளரும் ஆர்கெஸ்ட்ரா நடத்துநருமான பூலேஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் சொன்னார்: "பூலேஸா? அந்த மனுஷன கண்டக்டர் வேலை தின்னுடுச்சுப்பா. ஊர் ஊராப் போய் மத்தவங்க எழுதினதை நடத்திக் குடுத்தே வயசு போயிடுச்சு. இல்லேன்னா எவ்வளவு எழுதியிருப்பார்!" நண்பர் வயலின் வாசிப்பவர். மேற்கத்திய இசையை எனக்குக் கேட்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அதனால் அப்போது தலையை ஆட்டிவிட்டேன். இரவு படுத்த பிறகுதான் அந்தப் பேச்சு நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது. அவர் சொன்னது தவறு என்று பட்டதனால் இல்லை. என்னைப் பற்றி நானே பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அதுதான் என்பதால். ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், கதை எழுதுகிறேன், அல்லது எழுத வேண்டும் என்று இருக்கிறேன். யார் கேட்டாலும் "வேலை விடமாட்டேங்குது" என்பதே என் பதில். பூலேஸுக்கும் அதே பதிலை ஒருவர் சொன்னபோது, அது உண்மையா என்று பார்த்துவிட வேண்டும்போல இருந்தது.

பார்க்கத் தொடங்கியதும் கணக்கு நண்பர் பக்கம்தான் சாய்ந்தது. பியர் பூலேஸ் பிறந்தது 1925 மார்ச்சில், இறந்தது 2016 ஜனவரியில். இருபது வயதில் எழுதியவற்றில் தொடங்கி எண்பதைத் தாண்டித் திருத்தியவை வரை, அவருடைய படைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து 2013-ல் ஒரு பெட்டியாக வெளியிட்டார்கள். மொத்தம் 13 குறுந்தகடுகள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு கைக்குள் அடங்கிவிடுகிறது. அவர் நடத்திய பதிவுகளோ ஒரு அலமாரியை நிறைக்கும்: டெபுஸி, ஸ்ட்ராவின்ஸ்கி, பார்டோக், பெர்க், மாலர், வாக்னர். வாங்கிய கிராமி விருதுகள் 26. 1971-ல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்குக்கு இசை இயக்குநராகப் போகிறார். அதே வருடம் லண்டனில் பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவின் தலைமை நடத்துநராகவும் ஆகிறார். கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. லண்டன் பொறுப்பை 1975-ல் விட்டார், நியூயார்க்கை 1977-ல். அந்த வருடங்களில் அவர் எழுதியதில் பெரியது என்று சொல்ல, நண்பர் புருனோ மடெர்னாவின் நினைவாக எழுதிய 'ரிச்சுவெல்' வருகிறது. அப்புறம் சில சிறியவை, பாதியில் நின்றவை. இந்தப் பட்டியலைப் பார்க்கிற எவரும் நண்பர் சொன்னதைத்தான் சொல்வார்கள்.

அவர் எப்படி இந்த வேலைக்குள் வந்தார் என்று தேடியபோதுதான் முதல் சந்தேகம் வந்தது.

கோல் இல்லாத கை

பூலேஸ் நடத்துநர் ஆவதற்கென்று பள்ளிக்குப் போனவர் இல்லை. அப்பா பொறியாளர். மகன் கணக்குப் படித்து பாரிஸின் பெரிய பொறியியல் கல்லூரியான எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. மகன் லியோனில் கொஞ்ச காலம் கணக்குப் படித்துவிட்டு, 1943-ல், போர் நடந்துகொண்டிருந்த பாரிஸுக்கு இசை படிக்கப் போய்விட்டான். அங்கே இசையமைப்பாளர் மெஸியானிடம் ஹார்மனி வகுப்பு. 1946-ல் ஒரு வேலை கிடைத்தது. ழான்-லூயி பரோவும் மாட்லென் ரெனோவும் நடத்திய நாடகக் குழு, மரிஞி தியேட்டரில். முதலில் 'ஹாம்லெட்' நாடகத்துக்கு ஓண்ட் மார்ட்னோ என்ற மின்கருவியை வாசிக்கப் போனவர், பிறகு அந்தக் குழுவின் இசைப் பொறுப்பாளராகவே ஆகிவிட்டார். மேடையில் காட்சி மாறும் நேரத்துக்குள் நாலைந்து வாத்தியக்காரர்களைச் சரியாகத் தொடங்கவைத்துச் சரியாக நிறுத்த வேண்டும். பத்து வருடம் அதுதான் பிழைப்பு. கையை எப்படி அசைத்தால் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார் என்பதை அவர் கற்றுக்கொண்டது அந்த மேடையடியில்தான்.

1954-ல் அதே நாடகக்காரர்களின் உதவியோடு, புதிய இசைக்காகவே ஒரு கச்சேரித் தொடர் ஆரம்பித்தார். பின்னால் 'டொமேன் மியூசிக்கால்' என்று அறியப்பட்டது அதுதான். ஷோன்பெர்க், வெபெர்ன் போன்ற புதிய இசையமைப்பாளர்கள் பாரிஸில் ஒழுங்காக வாசிக்கப்படாத காலம். வாசித்தாலும் தப்பும் தவறுமாக வாசித்து, கேட்பவர் "இந்த இசையே இப்படித்தான் போலிருக்கிறது" என்று எழுந்துபோன காலம். இவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டதற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. வேறு யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான். அவருடைய சொந்தப் படைப்பு 'லெ மார்த்தோ சான் மேத்ர்', ரெனே ஷாரின் கவிதைகளுக்கு எழுதியது, 1955 ஜூனில் ஜெர்மனியின் பாடன்-பாடனில் அரங்கேறியது. ஒரு பெண் குரலும் ஆறு வாத்தியங்களும் மட்டும்: ஆல்டோ புல்லாங்குழல், வியோலா, கிதார், வைப்ரஃபோன், சைலோரிம்பா, தாளவாத்தியங்கள். ஆறே பேருக்கு ஹான்ஸ் ரோஸ்பாட் என்ற அனுபவசாலியான நடத்துநர் சுமார் ஐம்பது ஒத்திகைகள் வைத்தாராம். தான் எழுதியதை மனிதர்கள் வாசிக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் அவ்வளவு பொறுமையாக நின்று சொல்லிக்கொடுத்தாக வேண்டும் என்று அப்போதே பூலேஸுக்குத் தெரிந்திருக்கும். 1959-ல் அந்த ரோஸ்பாட் நோயில் படுத்தபோது அவருக்குப் பதிலாக மேடையேறிய பூலேஸ் அதன் பிறகு இறங்கவே இல்லை.

அவருடைய ஒத்திகைக் காணொளிகள் சிலவற்றை அந்த நாட்களில் இரவு இரவாகப் பார்த்தேன். கையில் கோல் கிடையாது. விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கத்தியால் காய் நறுக்குவது மாதிரிச் சின்னச் சின்ன அசைவுகள். தலைமுடி பறக்காது, கண்ணை மூடிப் பரவசப்பட மாட்டார். நூறு பேர் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது நிறுத்தி, இன்ன வரிசையில் இன்னாருடைய சுரம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்பார், கடையில் பாக்கிச் சில்லறையைக் கேட்பது மாதிரி அமைதியான குரலில். வாசித்தவர் முகத்தில் அவமானம் இல்லை, நிம்மதிதான் தெரிகிறது. இளமையில் இதே மனிதர் எப்படிப் பேசினார் என்று தெரிந்தவர்களுக்கு இந்த அமைதி பெரிய ஆச்சரியம். பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையாக வைத்து எழுதும், ஷோன்பெர்க் உருவாக்கிய பன்னிரு சுர முறையின் தேவையை உணராத இசைக்கலைஞன் எவனும் பயனற்றவன் என்று எழுதியவர் அவர். ஷோன்பெர்க் இறந்த சில மாதங்களில் 'ஷோன்பெர்க் இறந்துவிட்டார்' என்று தலைப்பு வைத்து, அவர் பாதிவழியிலேயே நின்றுவிட்டார் என்று கட்டுரை எழுதியவர். 1967-ல் ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் ஆபெரா அரங்குகளை வெடிவைத்துத் தகர்க்கலாம் என்று சொன்னவர். இந்த வார்த்தைகளை நான் ரசிப்பதில்லை. வேறு வழியில் எழுதிக்கொண்டிருந்த நல்ல இசையமைப்பாளர்கள் பலர் அந்த வார்த்தைகளின் நிழலில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நின்றபோது அவர் வேறு ஆள். எதிரில் மனிதர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு மூச்சு வாங்கும், விரல் வலிக்கும்.

ஆபெரா அரங்கைத் தகர்க்கச் சொன்னவர்தான் 1976-ல், நாலு இரவு ஓடும் வாக்னரின் ஆபெராத் தொடரான 'ரிங்' அரங்கேறி நூறாவது ஆண்டில், வாக்னர் விழா நடக்கும் ஜெர்மன் ஊரான பைராய்ட்டில் அதை நடத்தினார். மேடை இயக்கம் பத்ரிஸ் ஷெரோ, அப்போது முப்பத்தொன்று வயது. கதை தொடங்கும் ரைன் நதியில் ஒரு நீர்மின் அணையைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் வருடம் விசில், கூச்சல், துண்டுப் பிரசுரம் எல்லாம் நடந்தது. 1980-ல் கடைசி முறை திரை விழுந்தபோது கைதட்டல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓயவில்லை. ஐந்து கோடைகாலங்கள். நண்பரின் கணக்குப்படி, ஐந்தும் எழுதாமல் போனவை.

மூன்றாவது சொனாட்டா

இந்த இடத்தில்தான் எனக்கு அது உறைத்தது. முடிக்காமல் போனவற்றைத் தனியாக ஒரு தாளில் தேதி போட்டு எழுதிப் பார்த்தேன், கணக்குப் பிரிவு ஆள் செய்யக்கூடிய காரியம்தான். பட்டியலில் முதலாவதாக வந்தது பியானோவுக்கான மூன்றாவது சொனாட்டா. ஐந்து பகுதிகள் கொண்டதாகத் திட்டமிட்டது. வாசிப்பவர் பாதையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், ஊர் வரைபடத்தில் தெருக்களைத் தேர்ந்தெடுப்பது மாதிரி. முழுமையாக அச்சில் வந்தது இரண்டு பகுதிகள்தான். மற்றவை கடைசி வரைக்கும் மேசைக்குள்ளேயே இருந்தன. அந்த சொனாட்டாவை அவர் தொடங்கியது 1955-ல். ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் அவரே உட்கார்ந்து வாசித்தது 1957-ல்.

1957-ல் அவருக்கு நியூயார்க் இல்லை, லண்டன் இல்லை, பைராய்ட் இல்லை. ரோஸ்பாட்டுக்குப் பதிலாக மேடையேறவே இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஒரு சிறிய நாடக மேடையும் தன் நண்பர்களின் கச்சேரித் தொடரும்தான் பெரும்பாலும் அவர் நடத்தியவை. முப்பத்திரண்டு வயது, நேரம் கையில் இருந்தது. அப்போதே அவர் முடிக்கவில்லை.

அதன் பிறகு பட்டியலில் எதைத் தொட்டாலும் அதே கதை. மல்லார்மேயின் கவிதைகளைச் சுற்றி எழுதிய 'ப்ளி சலோன் ப்ளி' 1957-ல் தொடங்கியது, எண்பதுகளின் இறுதி வரை திருத்திக்கொண்டே இருந்தார். ஸ்ட்ராவின்ஸ்கி இறந்ததும் 1971-ல் தொடங்கிய '...எக்ஸ்ப்ளோசாந்த்-ஃபிக்ஸ்...' தொண்ணூறுகளில்தான் ஓரிடத்தில் நின்றது. நாடகாசிரியர் ழான் ஜெனேயோடு சேர்ந்து ஒரு ஆபெரா எழுத நினைத்தார், ஜெனே 1986-ல் இறந்துபோனார். ஜெர்மன் நாடகாசிரியர் ஹைனர் முல்லரோடு நினைத்தார், அவர் 1995-ல் இறந்துபோனார். ஆபெரா எழுதப்படவே இல்லை. வேலையே இல்லாமல் ஒரு மலையுச்சியில் உட்கார வைத்திருந்தாலும் இந்த மனிதர் ஒரு படைப்பை எடுத்து, பிரித்து, பெருக்கி, மறுபடி பிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அவருக்குப் படைப்பு ஒரு சுருள். சுற்றிக்கொண்டே விரியும், எங்கே நிறுத்தினாலும் அது அன்றைக்கு நிறுத்திய இடம் மட்டுமே.

அன்றைக்கு இரவு, மணி பதினொன்று இருக்கும், பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். என் கல்லூரிக் கால நோட்டுகள் அதில்தான் இருக்கின்றன. மனைவி எழுந்து வந்து "என்னங்க தேடுறீங்க இந்த நேரத்துல?" என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. ஒரு நாவல், மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது. இன்னொன்று, ஐந்தாம் பக்கத்தில். ஒரு நீண்ட கதை, கடைசிப் பக்கம் மட்டும் எழுதப்படாமல். ஒவ்வொன்றின் தலைப்புக்குக் கீழேயும் அந்த வயதின் பெருமையோடு தேதி எழுதி வைத்திருக்கிறேன். எல்லாத் தேதிகளும் நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தையவை. கோடை விடுமுறை, பரீட்சைக்குப் பிந்தைய மாதங்கள், ஒரு முழு வருடம் வேலை தேடிக்கொண்டிருந்தபோது சும்மா இருந்த பகல்கள். நேரம் இருந்த காலத்தில் எழுதி, நேரம் இருந்தபோதே நிறுத்தியவை. பெட்டியை மூடாமல் ரொம்ப நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். பதினாறு வருடமாக ஒரு வேலையின்மீது நான் போட்டுவந்த பழி அது செய்யாத காரியத்துக்கானது என்று தெரிந்தபோது, அந்த அலுவலக மேசையை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பன்னிரண்டு பார்

சரி, வேலை தின்னவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எதையாவது கொடுத்ததா? இதற்குப் பதில் 'நொட்டாஸியோன்' என்ற பியானோத் துண்டுகளில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

1945-ல், இருபது வயதை ஒட்டி எழுதியவை அவை. மொத்தம் பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொன்றும் சரியாகப் பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டம். பன்னிரண்டு சுரங்கள் கொண்ட ஒரே வரிசை, ஒவ்வொரு துண்டும் அந்த வரிசையின் அடுத்த சுரத்தில் தொடங்கும். பன்னிரண்டையும் சேர்த்து வாசித்தால் பத்து நிமிடம் ஆகும். கணக்குப் படித்த பையன், விதியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே விளையாடிப் பார்த்திருக்கிறான். பிறகு பெரிய பெரிய சொனாட்டாக்களை எழுதப் போனவர், இவற்றைப் பழைய பயிற்சி என்று ஒதுக்கி வைத்துவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் அவை கிடந்தன.

1978-ல், கோடைதோறும் பைராய்ட்டில் 'ரிங்' நடத்திக்கொண்டிருந்த அதே வருடங்களில், அவற்றை மறுபடி எடுத்தார். பியானோத் துண்டைப் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதுவது பழைய வழக்கம். இவர் செய்தது அதுவல்ல. பழைய பன்னிரண்டு பாரை விதையாக வைத்து, அதற்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று தோண்டினார். ஒரு சின்னக் குறிப்பை வைத்து வாக்னர் எப்படி நாலு இரவுகளைக் கட்டினார் என்று ஒவ்வொரு கோடையும் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தன்னுடைய சின்னக் குறிப்புகள் வேறு மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். முதல் நான்கையும் 1980-ல் பாரிஸில் டானியல் பாரன்பாய்ம் நடத்தினார். ஏழாவது, 1999-ல் சிகாகோவில், அதையும் நடத்தியவர் பாரன்பாய்ம்தான்.

இரண்டாவது துண்டைக் கேட்டுப் பாருங்கள். முதலில் பியானோ. அரை நிமிடம்கூட நிற்காது. கை மேலும் கீழும் பாய்கிறது, தட்டுகிறது, முடிந்துவிடுகிறது. உடனே ஆர்கெஸ்ட்ரா வடிவத்தைப் போடுங்கள். அதே வேகம், அதே கோபம். ஆனால் இப்போது அது ஒரு பையனின் கோபமாக இல்லை. தாளவாத்தியங்கள் பின்வரிசை முழுவதும் எழுந்து நிற்கின்றன. தந்தி வாத்தியக்காரர்கள் ஒரே வரியை ஒன்றாக வாசிக்காமல் பிரிந்து பிரிந்து ஆளுக்கொரு நூலை இழுக்கிறார்கள், சேர்ந்து கேட்கும்போது அது ஒரே துணியாக இருக்கிறது. இத்தனை பேரும் இவ்வளவு வேகத்தில் மோதிக்கொள்ளாமல் ஓட முடியும் என்று காகிதத்தில் மட்டும் வாழ்ந்த ஒருவருக்குத் தெரிந்திருக்காது. பித்தளை வாத்தியம் எந்த இடத்தில் மற்றவர்களை விழுங்கும், பதினான்காவது வயலினிஸ்ட் எதைக் கேட்டு எண்ணுவார், ஹார்ப் எப்போது காணாமல் போகும், இவையெல்லாம் இருபது வருடம் மேடையில் நின்று, நிறுத்தி, மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்தித் தெரிந்துகொண்டவை. ஏழாவது துண்டு பியானோவில் ஒரு நிமிடத்தை ஒட்டியது. ஆர்கெஸ்ட்ராவில் அது ஏழெட்டு நிமிடத்துக்கு விரிகிறது. கோயில் சடங்குபோல மெதுவாக நகரும் துண்டு அது. ஒரு ஒலி எழுந்து, மங்கி, அது மங்கும் இடத்திலிருந்து இன்னொன்று எழும். டெபுஸியை வருடக்கணக்கில் நடத்திய காதுதான் அதை எழுதியது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

'ரெபோன்' பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குப் பின்னாலும் ஒரு 'வேலை' இருந்தது. ஜனாதிபதி பொம்பிடு கேட்டுக்கொண்டதன் பேரில் பாரிஸில் உருவாக்கிய இர்காம் ஆய்வு நிறுவனம், 1992 வரை அதன் இயக்குநர் அவர். கூடவே 1976-ல் தொடங்கிய, 31 கலைஞர்கள் கொண்ட 'ஆன்சாம்ப்ல் ஆன்த்தெர்கோந்தாம்போரேன்' குழு. இவையும் நேரம் தின்னிகள் என்பார் நண்பர். ஆனால் 1981-ல் அரங்கேறிய 'ரெபோன்'-ஐ நினைத்துப் பாருங்கள். நடுவில் இருபத்துநாலு பேர், அவர்களைச் சுற்றி நாம், நம்மைச் சுற்றி ஆறு தனி வாத்தியக்காரர்கள், அவர்களுடைய ஒலியை அந்த நொடியிலேயே மாற்றி அரங்கைச் சுற்றி அனுப்பும் கணினி. முதல் சில நிமிடங்களுக்கு நடுக்குழு மட்டும் வாசிக்கும். பிறகு அந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போது சுவர்களெல்லாம் பேச ஆரம்பித்துவிடும். அந்தக் கணினியைச் செய்தவர்கள், அந்த இருபத்துநாலு பேர், அந்தக் கட்டடம், எல்லாமே அவர் 'வேலை' பார்த்துச் சேர்த்தவை.

இதையெல்லாம் நண்பரிடம் போனில் சொன்னேன், கொஞ்சம் ஆவேசமாகவே. தகரப் பெட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரிப்பா, நீ சொல்றது நியாயம்தான். ஆனா பன்னிரண்டுல அஞ்சுதானே ஆச்சு? மிச்சம் ஏழு?" நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எட்டாவதை எழுதிட்டிருந்தாராம்" என்றேன். "ம்" என்றார். பிறகு வேறு பேசினோம்.

பாரிஸில் ஒரு பெரிய கச்சேரி மண்டபம் வேண்டும் என்று பல வருடம் கேட்டவர் பூலேஸ். அது ஒருவழியாக 2015 ஜனவரியில் திறந்தபோது, அவர் வாழ்ந்த பாடன்-பாடனிலிருந்து வரும் நிலையில் அவர் உடல் இல்லை. அடுத்த வருடம் ஜனவரி 5-ம் தேதி இறந்துபோனார். இப்போது அந்தப் பெரிய அரங்குக்கு அவர் பெயர்.

நேற்று இரவு பியானோப் பதிவில் ஒன்பதாவது துண்டை மட்டும் போட்டுக் கேட்டேன். ஆர்கெஸ்ட்ரா வடிவம் கிடைக்காத ஏழில் அதுவும் ஒன்று. 'தொலைவில், அமைதியாக' என்று தலையில் எழுதியிருக்கிறார். இருபது வயதுக் கை. இடது கை அடியில் எங்கோ இருக்கிறது. சுரங்களுக்கு நடுவே நிறைய இடம். அந்த இடத்தில் எந்த வாத்தியம் வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே கேட்டேன், ஒரு புல்லாங்குழலா, மூன்று ஹார்ப்புகளா, கிண்ணம்போல் தொங்கும் ஏதாவது மணியா. பன்னிரண்டாவது பார் வந்தது. திரும்ப முதலிலிருந்து போட்டேன்.